மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் தெரு

(சமூகப்பணிக் கல்வி பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மாணவி. எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பில் முதலாண்டு. கல்லூரியில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. கையில் நீள நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. வாரத்தில் இரண்டு நாள் அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் அவருக்குக் களப்பணி. இப்படி ஒருவரைத் தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை எதிலும் பார்க்கலாம். மருந்து வாங்கும் வரிசைக்கும் சுவருக்கும் நடுவே ஒதுங்கி நின்று எதையோ எழுதிக்கொண்டிருப்பார். இந்தப் பேச்சை அவரிடமிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

அவர் கையில் ஒரு நோயாளியின் அட்டையைக் கொடுத்து, "ரெண்டாவது மாசமே மாத்திரையை நிறுத்திட்டாரு, என்னன்னு கேளும்மா" என்று அனுப்புகிறார்கள். நோயாளி நாற்பதைத் தாண்டிய சுமைதூக்கும் தொழிலாளி. மாணவி கேட்கிறார், அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். மறுபடி கேட்டால், "அதெல்லாம் சாப்புடுறேம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்று மாலை மாணவியின் களப்பணி அறிக்கையில் ஒரு வரி: "நோயாளி ஒத்துழைக்க மறுக்கிறார்." ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறார்: "அவர் என்ன சொன்னார் என்பதை முதலில் எழுது. நீ என்ன நினைத்தாய் என்பதை அடுத்த பக்கத்தில் எழுது. அவர் வீட்டுக்குப் போனாயா?"

போகிறார். ஒற்றை அறை வீடு. வாசல்படியில் உட்காரச் சொல்லி மனைவி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கிறார். மகளின் பள்ளிக்கூடம், வாடகை, மழை வந்தால் ஒழுகும் கூரை என்று அரை மணி நேரம் பேச்சு எங்கெங்கோ போகிறது. அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "ஒண்ணுக்குச் செவப்பாப் போவுதும்மா. தெனமும் ரத்தம் போனா ஆளு தாங்குவானா? அதான் வுட்டுட்டேன்."

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாற்றும். அது ரத்தம் இல்லை, அதனால் கெடுதலும் இல்லை. இதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கூட்ட நெரிசலில் அவர் காதில் விழவில்லை. குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டிய மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அந்த ஒற்றை அறையில் அவரோடு படுத்துறங்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மருந்துச் சீட்டில் இல்லாத இன்னொன்றும் அந்த வாசல்படியில் தெரியவருகிறது. காசநோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அவருடைய கணக்கோ பல வருடமாக முடங்கிக் கிடக்கிறது. மாணவி அடுத்த களப்பணி நாளில் அவரோடு வங்கிக்குப் போய் நிற்கிறார்.

சமூகப்பணி என்ற படிப்பு இதுதான். ஆறு வாரத்துக்கு முன் அவர் கல்லூரி வாசலில் நின்றபோது மனதில் இரக்கம் நிறைய இருந்தது. "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதியதும் அதே இரக்கமுள்ள கைதான்.

சேவை செய்ய எதற்குப் பட்டம் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. நம் ஊரில் 'சமூக சேவை' என்றால் வேட்டி சேலை வழங்குவது, அன்னதானம், ரத்ததான முகாம். எல்லாமே நல்ல காரியங்கள். அவற்றுக்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. தமிழில் இந்தத் துறைக்குச் 'சமூகப்பணி' என்று தனிப் பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. சேவை, கொடுப்பவரின் மனநிறைவோடு முடிந்துபோகலாம். பணி அப்படி முடியாது. வாங்கியவரின் வாழ்க்கையில் என்ன மாறியது என்று அது கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கணக்கை முதலில் கேட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பால்டிமோரில் பாட்டியிடம் வளர்ந்தவர். கல்லூரிக்குப் போனதில்லை. 1889-இல் பால்டிமோர் அறப்பணி அமைப்பு ஒன்றில் உதவிப் பொருளாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஏழைகளின் வீடுகளுக்கு நல்லெண்ணத்தோடு போய் வரும் பெண்கள் ஒரே குடும்பத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாக எழுதுவதைப் பார்த்தார். இதற்குப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897-இல் ஒரு மாநாட்டில் எழுந்து பேசினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைகால வகுப்பு தொடங்கியது. இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகப்பணிப் பள்ளியின் வேர் அதுவே. 1917-இல் ரிச்மண்ட் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' நூல், ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரிப்பது, யார் சொல்லை எவ்வளவு நம்புவது, ஊகத்தையும் சான்றையும் எப்படிப் பிரிப்பது என்று விரிவாகப் பேசுகிறது. மாணவியின் நோட்டில் விழுந்த அந்தச் சிவப்புச் சுழிக்கு வயது நூற்றுக்கு மேல்.

அந்த நூல் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1915-இல், ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் சமூகப்பணியாளர்கள் கூடிய அவையிலேயே நின்று, உங்களுடையது இன்னும் ஒரு தொழில்துறை ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காயம் இந்தத் துறைக்கு நல்லதே செய்தது என்று சொல்லலாம். எங்கள் அறிவு எது, எங்கள் முறை எது என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பாக்கம், நல நிர்வாகம், ஆய்வு, சமூகச் செயல்பாடு என்று இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஆறு முறைகளும் அந்தத் தேடலில் ஒவ்வொன்றாகத் திரண்டவை.

இந்தியாவுக்கு இந்தக் கல்வி வந்த இடம் பம்பாயின் நாக்பாடா. கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்க மதப்பணியாளர் ஆலைத் தொழிலாளர் வாழும் அந்த நெருக்கடியான பகுதியில் அண்டை அயலார் இல்லம் ஒன்றை நடத்திவந்தார். படித்த இளைஞர்களுக்கு முறையான பயிற்சி கொடுக்காமல் இந்த வேலை நிலைக்காது என்று அவருக்கு அங்கேதான் பட்டது. 1936-இல் சர் தோரப்ஜி டாடா அறக்கட்டளையின் பணத்தில் நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி உருவானது. 1944-இல் அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாறி, 1964-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மேன்ஷார்ட்டுக்குப் பிறகு அதன் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர் ஒரு தமிழர். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவை நாம் அறிவோம். அவருடைய சகோதரர் ஜே.எம். குமரப்பாதான் அவர். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அண்ணன் தம்பி இருவரில் ஒருவரைக் கொண்டாடுகிறோம். மற்றவரின் பெயர் தமிழ்நாட்டின் சமூகப்பணி வகுப்பறைகளில்கூட அதிகம் கேட்பதில்லை. அது சரி செய்ய வேண்டிய மறதி.

சென்னையின் கதை ஒரு பெண்ணின் கதை. மேரி கிளப்வாலா ஜாதவ், உதகமண்டலத்தில் 1909-இல் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே மணமாகி, 1935-இல் கணவரை இழந்தார். அதன் பிறகு கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பே அவருடைய முழுநேர வாழ்க்கையானது. உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்கான விருந்தோம்பல் குழுவைக் கட்டி நடத்தினார். கையில் தொண்டர்கள் நிறைய இருந்தும், பயிற்சி பெற்றவர்கள் இல்லையே என்ற குறையை அவர் அளவுக்கு உணர்ந்தவர்கள் அன்று குறைவு. 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் பிறந்தது. எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் அது நடக்கிறது. அவர் பின்னாளில் சென்னையின் ஷெரீஃப் ஆனார். பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் மூன்றும் பெற்றார். அவர் விட்டுப்போன பெரிய சொத்து அந்தக் கல்லூரியின் களப்பணி மரபு.

களப்பணி என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், இந்தப் படிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பொதுவாக வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களம். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், சிறை, குடிசைப்பகுதி, தொழிற்சாலை என்று பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். ஒவ்வொரு வாரமும் அறிக்கை எழுத வேண்டும். ஆசிரியர் மாணவரைத் தனியே உட்காரவைத்து அந்த அறிக்கையை வரி வரியாகக் கேட்பார். 'ஐ.சி.' என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தத் தனிச் சந்திப்புக்குப் பயப்படாத மாணவர் இல்லை. பருவத் தேர்வுக்குக்கூட அவ்வளவு பயம் கிடையாது. தேர்வில் தெரியாததை விட்டுவிடலாம். இங்கே, "அந்த அம்மா அழுதபோது நீ என்ன செய்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழ முடியாது.

அப்புறம் கிராம முகாம். ஏழு முதல் பத்து நாள், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கல். ஒரு மதியம் ஊர்ப் பொதுவிடத்தில் மாணவர்கள் கோலமாவையும் செங்கல் பொடியையும் வைத்துவிட்டு, "உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். முதலில் ஆண்கள் வந்து கோயிலையும் பஞ்சாயத்து அலுவலகத்தையும் பெரிதாகப் போடுவார்கள். தெருக்களை இழுப்பார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி, "காலனி எங்கடா?" என்று கேட்டபடி உள்ளே வருவார். கோலம் போட்டுப் பழகிய விரல்கள். ஊரின் எல்லைக்கு வெளியே ஒரு நீண்ட கோடு இழுத்து, வீடுகளுக்குப் புள்ளி வைத்து, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கல்லை வைப்பார். எல்லாப் புள்ளிகளுக்கும் அந்த ஒரே கல். மாணவர்கள் அப்போது வாயைத் திறக்கக் கூடாது. பேசாமல் பார்க்கக் கற்பதற்காகத்தான் அவர்களை அங்கே கூட்டிப்போவது. ஊரே குனிந்து அந்தக் கல்லைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம், சாதியைப் பற்றிய பத்து வகுப்புகளுக்குச் சமம்.

இந்தக் கல்வியில் எல்லோரும் படித்தாக வேண்டிய ஒரு பெயர் ஃபீலிக்ஸ் பைஸ்டெக். ஏசு சபைப் பாதிரியார். 1957-இல் வந்த தம் நூலில், உதவி தேடி வருபவரோடு பணியாளர் கொள்ளும் உறவுக்கு ஏழு நெறிகளைச் சொன்னார். ரகசியம் காப்பது அதில் ஒன்று. அதன் எடையைச் சென்னை நன்றாக அறியும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் கண்டறியப்பட்டது இங்கேதான். பெயர் வெளியே தெரிந்தால் வீடு போகும், வேலை போகும் என்றிருந்த ஆண்டுகள் அவை. நம் மாநிலத்தில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்த ஆலோசனை அறைகளில் உட்கார்ந்தவர்களில் சமூகப்பணி படித்தவர்கள் பலர். அங்கே பேசியது அங்கேயே இருக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் ஒருவர்கூட அந்தக் கதவைத் தாண்டி வந்திருக்கமாட்டார்கள்.

ஏழில் கடினமான நெறி வேறொன்று: முடிவெடுக்கும் உரிமை அவருக்கே. கணவனிடம் அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணைப் பார்க்கும் இருபத்திரண்டு வயது மாணவிக்கு, "உடனே கிளம்பி வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துவரத்தான் தோன்றும். அந்தப் பெண்ணோ, "பொண்ணு பத்தாவது எழுதுறாம்மா, பரீட்சை முடியட்டும்" என்கிறார். மாணவி அதை ஏற்றுக்கொண்டே வேலையைத் தொடர வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் புரியும்படி சொல்ல வேண்டும். பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார், 181 என்ற எண்ணை எப்போது அழைக்கலாம், எந்த நகலை எங்கே பத்திரப்படுத்தலாம் என்று பேச வேண்டும். பரீட்சை முடிகிற நாள்வரை அவரைப் பார்க்கப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிடலாம். கிடைக்கும். அதில் முதல் கதவைத் திறந்தது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஐந்நூறோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று அதன் 49-ஆம் பிரிவு சொன்னது. தொழிலாளர் நலம் படித்தவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். இன்று 'ஹெச்.ஆர்.' பிரிவை நாடி இளைஞர்கள் வருவதன் தொடக்கம் அங்கே இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல அலுவலர் முதலில் தொழிலாளியின் பக்கம் பார்க்க வேண்டியவர் என்பது மறக்காதவரை. பிறகு வந்த சட்டங்கள் வேறு கதவுகளைத் திறந்தன. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்கார வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநல சமூகப்பணியாளர் யார் என்று தகுதியோடு வரையறுக்கிறது. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது.

இந்தப் பயிற்சி என்ன சாதிக்கும் என்பதற்கு நாடறிந்த ஒரு சாட்சி உண்டு. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமான 'கோஷிஷ்', வீடற்றவர்களிடையே 2006 முதல் வேலை செய்வது. பீகார் அரசு தன் காப்பகங்களைத் தணிக்கை செய்யும் பொறுப்பை அதனிடம் கொடுத்தது. முகமது தாரிக் தலைமையிலான அந்த அணி நூற்றுப்பத்துக் காப்பகங்களுக்குப் போனது. அந்தக் காப்பகங்களுக்கு அதிகாரிகள் அதற்கு முன்பும் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பதிவேடு பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். இவர்கள் குழந்தைகள் சொல்வதைக் கேட்டார்கள். முசாஃபர்பூர் காப்பகத்தில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை 2018-இல் அந்த அறிக்கையால் வெளியே வந்தது. 2020-இல் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 என்ற எண்ணும் இதே நிறுவனத்தின் களத் திட்டமாக 1996-இல் மும்பையில் தொடங்கியதுதான்.

சென்னையிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மனநோயோடு தெருவில் அலையும் பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் 'தி பேனியன்' அமைப்பைத் தொடங்கினார்கள். வந்தனா, மேரி கிளப்வாலா உருவாக்கிய கல்லூரியில் படித்தவர். காப்பகத்தில் சேர்ப்பதோடு நிற்காமல், குணமானவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வீடு எடுத்து, சமைத்து, அக்கம்பக்கத்தாரோடு பேசி வாழும் வழியை அவர்கள் பின்னாளில் கண்டார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகி 28 பேர் மாண்ட மாநிலம் இது. அந்தச் சங்கிலியையும் இந்த வீட்டுச் சாவியையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கல்வி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டாம்.

மனதை உறுத்தும் சிலவற்றையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் சமூகப்பணி முழுமைக்குமான சட்டப்பூர்வக் கவுன்சில் இந்தியாவில் இன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் தன்னைச் 'சமூகப்பணியாளர்' என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். குழந்தைப் பாதுகாப்பிலும் மனநலத் திட்டங்களிலும் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. சம்பளமோ, செய்கிற வேலையின் கனத்துக்குக் கொஞ்சமும் ஈடில்லாதது. இவை இரண்டையும் அரசு சரி செய்ய வேண்டும்.

மூன்றாவது குறை கல்லூரிகளின் கையில் இருக்கிறது. களப்பணி நாட்களைச் சுருக்குவது, ஒரே ஆசிரியரிடம் நாற்பது மாணவர்களை ஒப்படைத்து ஐ.சி.யைச் சடங்காக்குவது, போகாத இடத்துக்குப் போனதாக அறிக்கை எழுதி முத்திரை வாங்கிவர அனுமதிப்பது ஆகியவை அங்கங்கே நடக்கின்றன. பொறியியல் மாணவர் செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினால் ஒரு மதிப்பெண் பொய்யாகும். இங்கே பொய்யாவது ஒரு மனிதரின் பேச்சு. அந்தச் சுமைதூக்கும் தொழிலாளியின் வாசல்படியில் யாரும் உட்காரவில்லை என்றால், பதிவேட்டில் அவர் சாகும்வரை 'ஒத்துழைக்க மறுத்தவர்' ஆகவே இருப்பார்.

கல்லூரி நடத்துபவர்களே, அந்த இரண்டு நாளைக் குறைக்காதீர்கள். அதற்குத் தேவையான ஆசிரியர்களை நியமியுங்கள். பெற்றோர்களே, பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால், கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் களப்பணி எங்கே, மேற்பார்வை யார் என்று விசாரியுங்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடையாள அட்டையும் நீள நோட்டுமாக ஒரு மாணவரோ மாணவியோ உங்கள் வீட்டு வாசலில் வந்து தயங்கி நின்றால், "இப்ப நேரமில்லை" என்று கதவைச் சாத்தாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்து, ஓர் அரை மணி நேரம் பேசுங்கள்.